தடித்த தந்திக்கு எழும் முழங்கை

யூலாலி கலான் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து வீடு திரும்பியபோது, மார்பிலிருந்த புற்றுநோய் போயிருந்தது. வலது தோள்தான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வயலினின் மெல்லிய தந்திகளில் வில் ஓடியது. தடித்த தந்திக்கு முழங்கை தோள் உயரம் எழ வேண்டும். பாதி வழியிலேயே சுண்டி இழுத்து நின்றுவிடும்.

செப்டம்பரில் தங்கை மகள் மிரேய்க்குத் திருமணம். எங்கள் ஊரில் மணமக்களின் முதல் ஆட்டத்துக்கு வாசிப்பவள் யூலாலிதான். அந்த மெட்டு தடித்த தந்தியில்தான் தொடங்கும்.

பிசியோதெரபி நிலையம் எங்கள் தீவின் மறுகோடியில் இருந்ததால், ரோண்டா என்ற பயிற்சியாளர் வாரம் ஒருமுறை டேப்லெட் திரையில் வருவாள். மற்ற நாட்களில் ஆப் பயிற்சி கொடுக்கும். முழங்கை எவ்வளவு எழுகிறது என்பதைக் கேமரா அளக்கும். நடையைக் கணுக்கால் பட்டை அளக்கும். அதிகம் நடந்து களைத்திருப்பதாகத் தோன்றினால், ஆப் கைப்பயிற்சியைக் குறைத்துவிடும்.

ஆகஸ்டில் அது குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் 'ஓய்வு' என்று மட்டும் காட்டியது.

"ஓய்வாம்! கல்யாணத்துக்கு நான் என்னத்த வாசிக்கிறது?" என்று யூலாலி டேப்லெட்டைத் திட்டினாள்.

"என்னை இத்தனை வருஷமாத் திட்டுனே. இன்னிக்கு அதோட முறை," என்றார் கணவர் அல்சிட்.

அன்று மாலையே ரோண்டா திரையில் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரனான நான் வழக்கம்போல் கித்தாருடன் அவர்கள் சமையலறையில் இருந்தேன்.

"யூலாலி, கோவிச்சுக்காதீங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க இந்த ஓட்டம் ஓடுறீங்க?"

"ஓட்டமா? நாற்காலியை விட்டே எழுந்திருக்கிறதில்லையே!"

"பட்டை அப்படிச் சொல்லலையே. மலையேறுற மாதிரிக் காட்டுது."

"யாரைப் பாக்க ஓடுறாளோ, எனக்கும் சொல்லுங்கம்மா," என்றார் அல்சிட்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. கித்தாரில் வேகமான மெட்டு ஒன்றைத் தொடங்கினேன். நாற்காலியில் இருந்தபடியே யூலாலியின் கால்கள் துள்ளத் தொடங்கின. குதிகால், முன்பாதம், குதிகால் என்று தரை அதிர்ந்தது. உட்கார்ந்தபடி இரு கால்களாலும் தாளம் போடுவது எங்கள் தீவு வாத்தியக்காரர்களின் வழக்கம். கை முடங்கிய பிறகு, இரவுகளில் என் கித்தாரோடு சேரும் அவள் வாசிப்பு முழுவதும் காலுக்கு இறங்கியிருந்தது.

அல்சிட் டேப்லெட்டைத் தரைப்பக்கம் திருப்பினார். ரோண்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ! நான் டொரன்டோக்காரி. இதையெல்லாம் எங்க கண்டேன்? பாட்டு நேரத்துல பட்டையைக் கழட்டிடுங்க. கைப்பயிற்சியை நான் திரும்பத் தர்றேன். இனிமே வில்லைப் பிடிச்சுக்கிட்டே செய்யுங்க, நான் பாக்குறேன்."

வில் கைக்கு வந்ததும் யூலாலி பயிற்சியை முணுமுணுக்காமல் செய்தாள். முழங்கை ஒருநாள் ஏறும், மறுநாள் அடம்பிடிக்கும். திருமணத்துக்கு முந்தைய வாரம், எட்ட வேண்டிய உயரமாக ஆப் திரையில் போட்டிருந்த கோட்டை அது தொட்டுவிட்டது.

மண்டபத்தில் மணமக்கள் நடுவே வந்து நின்றார்கள். யூலாலி வில்லைத் தடித்த தந்தியில் வைத்தாள். அல்சிட் அவள் முழங்கையையே பார்த்தார். அது எழுந்தது. முதல் இழுப்பு கொஞ்சம் கரகரத்தது. அடுத்தது மண்டபத்தை நிறைத்தது. மிரேய் கூவிக்கொண்டு மாப்பிள்ளையை இழுத்தாள்.

மெட்டு முடிந்தும் யூலாலி நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் முறையும் போனாள்.

"போதும்டி, மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது!" என்று அல்சிட் கத்தினார்.

"அவர் வேணும்னா உக்காரட்டும்," என்றாள் யூலாலி, வில்லை நிறுத்தாமல். "நீ எழுந்து வந்து ஆடு."