பின்னாக்கின் ஒரே இசைத்தட்டு

யூஸ்டஸ் பின்னாக் எவரையும் நம்பமாட்டார். பாதிரியாரை நம்பமாட்டார், மனைவி மெர்லீன் ஊற்றித் தரும் தேநீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கிங்ஸ்டன் நகரில் கார் ரேடியேட்டர் ஓட்டை அடைக்கும் பட்டறை வைத்திருந்தார். மனுஷர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ரெகே இசை பிறந்த புதிதில், பத்தொன்பது வயதில், ஒரே ஒரு பாட்டுப் பாடினார். இசைத்தட்டின் நடுவே பாடியவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தயாரிப்பாளர் தன் பெயரை அச்சடித்துக்கொண்டார். பாவி! ஐம்பது வருடம் தாண்டியும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"பணத்தத் தின்னான், போகட்டும். என் பேர எதுக்குத் தின்னான்?" என்று ஓட்டை ரேடியேட்டரைப் பார்த்துக் கேட்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கொலின் என்றொரு வெள்ளைக்காரர் நோட்டும் கையுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, யூஸ்டஸ் பின்னாக் இந்தத் தெருதானாமே? அவர் பாட்டுக்கு டிரம் அடிச்சவர் சொன்னார்."

பின்னாக்குக்குத் தெருவில் பட்டப்பெயர்தான், வெறும் 'பிக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் தேடி வந்தால் கோர்ட்டு அல்லது போலீஸ். ஆள் இல்லை என்று சொல்ல அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"என்ன விஷயம்?"

"அவர் பாட்ட மறுபடி தட்டாப் போடணும். ஒரு கையெழுத்து வேணும்."

கையெழுத்தா! பின்னாக்குக்குச் சுருக்கென்றது. இவனும் திருடன்தான். செத்தவனிடம் எப்படி வாங்குவான், பார்ப்போம்.

"பின்னாக்கா? செத்து இருபது வருஷமாச்சே. இந்தப் பிக்காதான் நின்னு புதைச்சேன்."

கொலின் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் பின்னாக்.

கொலின் போனதும், சுட்ட சீமைப்பலாவோடு உள்ளிருந்து வந்தாள் மெர்லீன். "கூறு கெட்ட மனுஷா! பேர் போடுவியான்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போயிடும்?"

"இவனுங்கள எனக்குத் தெரியாதா? போடி!"

நாலு மாதம் கழித்து வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. 'பாடியவர் யூஸ்டஸ் பின்னாக்' என்றார் அறிவிப்பாளர். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மனுஷர் அப்படியே நின்றார். அடுத்த வாக்கியத்திலேயே அறிவிப்பாளர், 'மறைந்த கலைஞருக்கு அஞ்சலி' என்றார்.

ஓடிப்போய்த் தட்டை வாங்கிப் பார்த்தார். நடுவே அவர் பெயர், கொட்டை எழுத்தில். உறையின் பின்பக்கம், 'பின்னாக்கை நல்லடக்கம் செய்த நண்பர் பிக்காவுக்கு நன்றி' என்றிருந்தது. கீழே கொலினின் தொலைபேசி எண். உடனே அழைத்தார்.

"கொலின், நான்தான் பின்னாக். உயிரோடதான் இருக்கேன்!"

"ஐயா, இந்த வாரத்துல நீங்க மூணாவது பின்னாக்." குரலில் சந்தேகம் கனத்தது.

"சத்தியமாய்யா! வேணும்னா கேளு!"

அரை நூற்றாண்டாகப் பாட்டுக்கு வாய் திறக்காதவர் பாடினார். குரல் கிழிந்தது, மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு சங்கதி விடாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்தார். வாசலில் நின்ற மெர்லீன் வாய்விட்டு அழுதாள்.



"ரொம்ப நல்லாயிருக்கு, பெரியவரே," என்றார் கொலின், இரக்கத்தோடு. "நம்ம தட்டக் கேட்டே கத்துக்கிட்டீங்களா?"