மச்சாளும் கறுப்பு நூடில்ஸும்

கோடை தொடங்கியபோது என் கணவரின் அக்கா, என் மச்சாள், மன்னாரிலிருந்து விமானமேறி வெளிநாட்டில் இருக்கும் எங்களிடம் வந்தார். ரெக்ஸ்டேல் வீட்டின் சின்ன அறையை அவருக்கென்று ஒழுங்குபடுத்தி வைத்திருந்தோம். அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. தனியே இருக்கிறாரே, கொஞ்சக் காலம் எங்களோடு இருந்து மனம் ஆறட்டும் என்றுதான் கூப்பிட்டோம்.

வந்த நாளிலிருந்து விருந்துதான். ஊர்ச் சாப்பாடு இல்லாமல் தவித்துப்போவார் என்று சொந்தக்காரர் எல்லாரும் பயந்தார்கள். படகில் மீன் வந்து இறங்கும் கரையிலிருந்து வந்தவருக்கு நாங்கள் ஐஸில் உறைந்த நண்டை வாங்கிக் குழம்பு வைத்தோம். மச்சாள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கை கழுவிவிடுவார். துக்கம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்பியில் சொந்தக்காரர் வீட்டு விருந்து ஒன்று முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சாள் பின் சீட்டிலிருந்து கேட்டார்.

"தம்பி, இஞ்ச கொரியாக்காரரின்ர சாப்பாட்டுக் கடை இருக்கோ?"

என் கணவர் பெரிதாகச் சிரித்தார். "என்னக்கா, உங்களுக்கேன் உந்தச் சாப்பாடு? வயித்துக்கு ஒத்துவராது."

"இல்லை, சும்மா கேட்டனான்."

அதன் பிறகு வீடு வரும்வரை அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி வந்தார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும், கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டே நான் மெல்லக் கேட்டேன். "நேற்று ஏன் மச்சாள் கொரியாக் கடையைப் பற்றிக் கேட்டனீங்கள்?"

அவர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். பாரிசவாதம் வந்து அவருடைய கணவருக்கு வலப்பக்கமும் போய், பேச்சும் போய்விட்டது. பகல் முழுக்கப் படுக்கை. யாரோ ஒரு பிள்ளை மச்சாளின் போனில் கொரியா நாடகங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். தமிழில் குரல் கொடுத்தவை. மச்சாள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருப்பார். இரண்டு பேரும் பார்ப்பார்கள்.

"அதுகளில எப்பவும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பினம். அவருக்குக் கரைச்ச சாப்பாடுதானே. ஆனா சாப்பாடு வந்தா இடக்கையால என்ர கையைத் தட்டிக் காட்டுவார். கறுப்பு நூடில்ஸ் ஒண்டு இருக்கு, அதைக் கண்டா விடமாட்டார். உங்களுக்குச் சுகம் வரட்டும், ரெண்டு பேருமாப் போய்ச் சாப்பிடுவம் எண்டு நான் சொல்லுவன். அவர் சிரிப்பார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் அது நடக்காது எண்டு."

கத்தியை வைத்துவிட்டு, "நாளைக்கே போவம்" என்றேன்.

யங் வீதியின் வடபக்கம் கொரியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மச்சாள் மாதா கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். நான் காரை நிறுத்திய கடை சிறியது. எழுபது வயதை நெருங்கிய ஒரு கொரிய அம்மா நடத்துவது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் சமையற்கட்டைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். உள்ளேயிருந்து ஓர் ஆள் பதில் சொன்னார். மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை."

"கொரிய மொழிதானே மச்சாள்."

"ஓம், தெரியும். ஆனா இத்தினை வருசமா என்னோட தமிழில கதைச்ச சனம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

படங்களைக் காட்டிச் சொன்னோம். கறுப்பு நூடில்ஸ். அரிசிமாவை விரல் தடிப்பில் உருட்டிச் சிவந்த மிளகாய்க் குழம்பில் போட்ட தொக்பொக்கி. முதலில் கோவா இலையை மிளகாயில் புளிக்கவைத்த கிம்சியும் வேறு சின்னச் சின்னக் கறிகளும் கிண்ணங்களில் வந்தன. அவற்றில் ஒன்று நெத்தலிக் கருவாடு. மச்சாள் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார்.

"சீனியைப் போட்டு நெத்தலியைக் கெடுத்துப்போட்டினம்," என்றார். சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வெறுமையாக்கினார். அந்த அம்மா கேட்காமலே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு கறுப்பு நூடில்ஸ் வந்தது, மேலே கறுத்த சோயாக் குழம்பு ஊற்றி. மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார். நாடகத்தில் செய்வதுபோலவே குச்சிகளை இரண்டு கைகளிலும் பிடித்து, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் குழைத்தார். பிறகு முள்ளுக்கரண்டிக்கு மாறி ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். கரண்டியை வைத்துவிட்டார்.

"என்ன மச்சாள்?"

"இனிக்குது." அவருடைய கண் நிறைந்துவிட்டது. "உறைக்கும் எண்டெல்லே நாங்கள் நினைச்சனாங்கள். அவருக்கு இது பிடிச்சிருக்காது."

அந்த அம்மா பதறிப்போய் வந்தார். சாப்பாட்டில் ஏதும் குறையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று சொல்லி, மச்சாளின் கணவரைப் பற்றியும் அந்த நாடகங்களைப் பற்றியும் நான் சொன்னேன். அவர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இதைத் தாங்கள் வீடு மாறும் நாளில் சாப்பிடுவது வழக்கம் என்றார். சட்டி பானையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும், சமைக்க முடியாது, அதனால் கடையில் எடுத்து வெறும் நிலத்தில் இருந்து சாப்பிடுவார்களாம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வீடு மாறுற நாளிலயோ?" என்று கேட்டார் மச்சாள். "அப்பிடிப் பாத்தா நானும் அவரும் இதை எத்தினை தரம் சாப்பிட்டிருக்க வேணும். சண்டையில ஓடி ஓடி மடு, பிறகு வன்னி, பிறகு முகாம். பெட்டி கட்டவும் நேரம் இருந்ததில்லை."

இதை மொழிபெயர்ப்பதா விடுவதா என்று தயங்கினேன். மச்சாள், "சொல்லும்" என்றார். சொன்னேன். அந்த அம்மா, தன்னுடைய தாயும் கொரியப் போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடந்தே வந்தவர் என்றார். மச்சாளின் முழங்கையில் கையை வைத்தபடி இருந்தார். உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனார்.

தொக்பொக்கி நன்றாக உறைத்தது. மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். "இது அவருக்குப் பிடிச்சிருக்கும்," என்றார்.

அன்றிரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை இவர், "அக்கா, வெளிக்கிடுங்கோ. உங்கட கொரியாக் கடைக்குப் போவம்," என்றார்.

கடையில் தம்பிக்கு என்ன வேண்டுமென்று மச்சாளே படத்தைத் தொட்டுச் சொன்னார். அந்த மேசையில்தான் அவர் தன் கணவரின் கடைசிக் காலத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். தான் எப்படித் தூக்கிக் குளிக்க வார்த்தார், நாடகத்தில் எந்தக் கட்டத்துக்கு அவர் அழுதார், எந்தக் கதாநாயகியைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினார் என்றெல்லாம். இவர் கேள்விக்குமேல் கேள்வி கேட்டார். அத்தனை விருந்து வீடுகளிலும் யாரும் மச்சாளிடம் கேட்காத கேள்விகள். 'பாவம், அதை ஏன் கிளறுவான்' என்று எல்லோரும் தவிர்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

மச்சாள் திரும்பிப் போகும்வரை பல சனிக்கிழமைகள் போனோம். கறுப்பு நூடில்ஸை அவர் மறுபடி தொடவில்லை. ஒருமுறை நான் எடுத்தபோது மட்டும், "பொறும், நான் குழைச்சுத் தாறன்," என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.