சொல்லாமல் போவது

இன்று முரசுமோட்டையில் ஒரு செத்த வீடு. கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழனின் அம்மா.

மெசேஜில் நான் பெரிய வாயாடி. அவனோடு நாள் முழுக்க எழுதுவேன். யாரை நேரில் கண்டாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எனக்குச் செத்த வீடுதான் வசதி. அங்கே "போயிட்டு வாறன்" என்று யாரும் சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழும்பி நடக்கலாம்.

இன்று அவனுடைய அக்கா தன் போனை என் கையில் தந்துவிட்டா.

"தம்பி வீடியோவில நிக்கிறான். வடிவாக் காட்டுங்கோ."

காட்டினேன். பிரேதம் வாசல் படலை தாண்டிப் போனது. சுடலையில் சிக்னல் இல்லை என்பதால் நான் படலையடியிலேயே நின்றுவிட்டேன். திரையில் அவன் முகம் மட்டும்.

"மச்சான்," என்றான்.

"ஓம் மச்சான்," என்றேன்.

அதற்குமேல் இரண்டு பேருக்கும் கதை வரவில்லை.

"வைக்கிறன்" என்றால், செத்த வீட்டில் விடைபெற்றது போலாகும். சொல்லாமல் வைத்தால், அவன் முகத்தில் கதவைச் சாத்தியது போல. அவனும் வைக்கவில்லை.

கடைசியில் சார்ஜ் முடிந்து போன் தானாக அணைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் வெட்கம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் போனில் அவனுடைய மெசேஜ்: "போயிட்டியோ?"

எழுதி எழுதி அழிக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பதாக அவனுக்கு அங்கே காட்டிக்கொண்டே இருக்கும்.

என்ன எழுதுவதென்று தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். தெரியாதவர்கள் சத்தமில்லாமல் எழும்பிப் போங்கள். இதுவும் செத்த வீடுதான்.