மஹ்பூபியின் போனில் தெரியாத பட்டன்

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே வெப் பக்கங்களுக்கு உருவம் கொடுப்பது பொன்மலரின் வேலை. எழுத்து எவ்வளவு பெரிசு, என்ன நிறம், பட்டன் எப்படி இருக்கணும், எல்லாம் அவள் பொறுப்பு. ஒரே பக்கம் ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு மாதிரி வந்து நிற்கும். அதைச் சரிபார்க்க அவள் மேஜை டிராயரில் கண்ணாடி கீறிப்போன பழைய போன்கள் கிடக்கும். புது ஸ்டைல் வசதி எதை எழுதினாலும் அதற்கு மேலே, அது புரியாத பிரவுசர்களுக்காகப் பழைய முறையிலும் ஒரு வரி எழுதி வைப்பாள். பழைய பிரவுசர் தனக்குப் புரியாததைக் கண்டால் புகார் சொல்லாது. அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

போன வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, டவுனில் இருந்த யூனிட்டை மூடிவிட்டு மாதனூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய யூனிட்டுக்குப் போக முடிவு செய்தது. அங்கே எல்லாருக்கும் இடமில்லை. வர விருப்பமுள்ளவர்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'வருகிறேன்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். முந்தினவர்களுக்கு வேலை. அந்தப் பக்கத்தைச் செய்தவள் பொன்மலர்.

பட்டனுக்குப் பச்சை நிறத்தைப் புது முறையில் எழுதியிருந்தாள். மேலே வழக்கம்போலப் பழைய வரி.

மேனேஜர் செந்தில்குமார் வந்து நின்றார். "இந்த டபுள் டபுளா எழுதறதெல்லாம் எடுத்துடு பொன்மலர். ஆம்பூர்க்காரங்க பாத்துட்டு கோட் குப்பையா இருக்குன்றாங்க."

"பழைய போன்ல கலர் வராது சார்."

"கலர் தானே? வராட்டி போகுது. சாயங்காலம் லைவ் போகணும்."

அவளுக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அழித்துவிட்டாள். டிராயரைத் திறக்கவும் நேரமில்லை. பட்டனின் எழுத்து வெள்ளை, பக்கமும் வெள்ளை, பச்சை போய்விட்டால் ஒன்றுமே தெரியாது என்பது அப்போது அவள் மனசில் ஓடவில்லை.

கெடு முடிந்த மறுநாள், அந்தப் பக்கத்தில் உதவிக்கென்று போட்டிருந்த ஆபீஸ் நம்பருக்கு ஒரு அம்மா கூப்பிட்டாள். பேர் மஹ்பூபி, ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை. "எனக்கு பட்டன் வர்லம்மா. பட்டன் வந்தவங்களுக்குத்தான் வேலையாமே. ஏன் எனக்கு வர்லன்னு மட்டும் கேட்டு சொல்லு. நான் லீவே ஜாஸ்தி போட்டதில்ல."

 பொன்மலர் டிராயரிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். மஹ்பூபி சொல்லியிருந்த ரெட்டித்தோப்பில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். மஹ்பூபி உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, போனை நீட்டினாள். பொன்மலர் பக்கத்தின் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் விரலை வைத்து அமுக்கினாள். 'பதிவு செய்யும் நாள் முடிந்துவிட்டது' என்று வந்தது.

மஹ்பூபி அதே இடத்தில் தானும் விரலை வைத்துப் பார்த்தாள். "இங்கியேவா இருந்துச்சு?"

"இருந்துச்சுக்கா. கண்ணுக்குத் தெரியாம இருந்துச்சு. தப்பு என்னோடது."

"நான் என்னமோ என்னைத்தான் வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள் மஹ்பூபி. அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பொன்மலருக்குத் தோன்றியது.

அங்கிருந்து நேரே ஷூ கம்பெனிக்குப் போய், ஆட்கள் விஷயம் பார்க்கும் இஷ்தியாக் அகமதுவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். "நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா எடம் ரொம்பிடுச்சு. யாரை எடுத்துட்டு இவங்களை வெக்கறது, நீங்களே சொல்லுங்க."  யாராவது வேலையை விட்டு நின்றுவிட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி, மஹ்பூபியின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆபீஸில் அவள் பழைய வரியைத் திரும்ப எழுதி ஏற்றினாள். அதைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. மாசக் கடைசியில் ஆம்பூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். "நம்ம மேல எழுத்துல கம்ப்ளெய்ன்ட் எதுவும் வர்ல, விடு," என்றார் செந்தில்குமார். அதன்பின் அவர் சொன்னாலும் அவள் எந்தப் பழைய வரியையும் எடுப்பதில்லை. அதனால் வேலை மெதுவாகிறது என்று பேச்சு வந்தது. பெரிய பிராஜெக்டுகள் வேறு ஆளுக்குப் போயின.

மாதனூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மஹ்பூபி ராணிப்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். சம்பளம் கம்மி, தினம் இரண்டு பஸ். ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லப் பொன்மலர் போன் செய்தபோது பின்னால் ஹாரன் சத்தமும் கண்டக்டர் குரலும் கேட்டன.

"பஸ்ல நிக்கறேன்மா, எறங்கிட்டு பேசறேன்," என்றாள் மஹ்பூபி.

பிறகு அவள் கூப்பிடவில்லை. பொன்மலரும் மறுபடி செய்யவில்லை.