சரிவுத் தேருக்கு ஒரு கட்டை

"…பெட்ரோலுக்கு வரிசையில நின்ன காலம் போயிருச்சு, சரி. வெல போயிருச்சா? ஆஸ்பத்திரிக்குப் போனா மருந்த வெளிய வாங்கிக்கங்கன்னு துண்டு எழுதித் தர்றாங்க. படிச்ச புள்ளைங்க கொழும்புக் கடையில சாமான் அடுக்குதுங்க. இந்த நாடு முடிஞ்சுபோச்சுண்ணே."

சொன்னவர் எங்கள் கீழ் லயத்து வரிசைவீட்டு ஆட்டோக்காரர். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில், திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் காலையில், என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார். அதில் பொய் என்று ஒன்றையும் என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. தலவாக்கலை டவுன் ஆட்டோ ஸ்டாண்டில் பகல் முழுக்கக் காத்துக் கிடந்துவிட்டு வெறும் வண்டியோடு வீடு திரும்புகிறவர் வேறு எப்படிப் பேசுவார்? வெளிநாட்டில் டிரைவர் வேலை சரியாகியிருந்தது அவருக்கு. எந்த நேரமும் கூப்பிடுவோம், தயாராக இருங்கள் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள்.

சிக்கல் அங்கேதான். எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டியவர் தேர் முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டாதவர் தேர் வேலையைத் தொடக் கூடாது. தேருக்குக் கட்டை போடுகிறவர் இவர் ஒருவர்தான். மலையில் தேர் இழுப்பது வேறு மாதிரி. ஏற்றத்தில் முன்வடத்தைப் பிடித்து இழுப்போம். இறக்கம் வந்தால் எல்லாரும் பின்னால் ஓடிப்போய்ப் பின்வடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். தொழிற்சாலைக்கு இறங்குகிற வளைவில் வடத்தை மட்டும் நம்ப முடியாது. சக்கரத்தடியில் சமயம் பார்த்துக் கட்டையைச் செருகாவிட்டால் தேர் ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள் போய்விடும். அவர்தான் இருக்கிறாரே என்று நாங்களும் வேறு யாரையும் பழக்காமல் விட்டுவிட்டோம்.

பூசாரி மஞ்சள் கயிற்றுத் தட்டோடு வந்தார். "நாடு முடிஞ்சா முடியட்டும்ப்பா. நீ கைய நீட்டு, நல்ல நேரம் முடியப்போகுது."

ஆட்டோக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "எப்படிங்க நீட்டுறது? கட்டுன பொறகு போன் வந்தா?"

பூசாரி சொன்னதற்குச் சுற்றி நின்று சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஈரத் தலையோடு பின்னால் நின்ற அவர் சம்சாரம் முன்னால் வந்தார். மலையில் கொழுந்து எடுக்கிறவர், வாய்க்காரி என்று பெயர்.

"ஏங்க, நிக்கிற தேருக்கு யாராச்சும் கட்ட போடுவாங்களா?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க. போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"சரிவுல ஓடுறதாலதான போடுறோம்? இந்த நாடும் சரிவுல ஓடுதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். முடிஞ்சுபோச்சுன்னு சொல்லாதீங்க. முடிஞ்சுபோன எடத்துலயா என்னையும் புள்ளைங்களையும் விட்டுட்டுப் போறீங்க?"

  நாடு முடிந்துபோனதா இல்லையா என்று எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், டீக்கடையிலும் பஸ்ஸிலும். யாரும் அதை இந்தப் பக்கத்திலிருந்து பிடித்ததில்லை.

"ஒங்களுக்காகத்தான போறேன்," என்றார் ஆட்டோக்காரர்.

"போக வேணாம்னு நான் சொன்னேனா? போங்க. வீட்டுக்கு வேற வழி இல்லன்னு எனக்கும் தெரியும். கட்டயச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க." சொல்லிவிட்டுப் பூசாரியிடம் கையை நீட்டினார்.

பூசாரி தயங்கினார். "பொம்பளப் புள்ள கட்ட போடுறதாம்மா?"

"கொழுந்துக் கூடையோட நித்தம் மல எறங்குறேன் சாமி. சரிவு என்னய விட யாருக்குத் தெரியும்? கட்டுங்க."

பூசாரி எங்களைப் பார்த்தார்.  சரி என்று தலையை ஆட்டினோம். கட்டினார்.

 ஆட்டோக்காரர் பழக்க தோஷத்தில் தேர்க் கொட்டகைக்குப் போய்க் கட்டையை எடுக்கக் குனிந்தவர், கையில் காப்பு இல்லாதது நினைவு வந்து பாதியில் இழுத்துக்கொண்டார். "நீயே எடு," என்றார். அந்த அம்மா கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வர, அவர் வெறுங்கையோடு முன்னால் இறங்கினார். தொழிற்சாலை வளைவில் போய்க் குந்தி, ஒரு சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்கி, இடது சக்கரம் வந்து இறங்கும் இடத்தில் தார் மேல் அழுத்திக் கோடு போட்டார்.