பூத்த பயிரை மிதித்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்தேன். நெம்மேலி தாண்டியதும் பார்த்த காட்சி, பிரேக்கை அழுத்த வைத்துவிட்டது.

இடுப்பளவு பச்சைப் பயிர். மஞ்சள் மஞ்சளாகப் பூ. அதை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அறுத்துச் சாய்த்து, சேற்றில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்!

மனசு பொறுக்குமா? வரப்பில் நின்று கத்தினேன். "ஏம்மா, நல்லா வளர்ந்த பயிரை இப்படி நாசம் பண்றீங்களே?"

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா சார், தக்கைப்பூண்டு நீ பார்த்ததேயில்லியா? இத்த வளக்கறதே மிதிக்கத்தான். மண்ணுக்குச் சோறு இது!"

அவள் பெயர் கன்னியம்மா. புருஷன் ஏழுமலை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கார் ஒரு ஏக்கருக்குப் பட்டா கொடுத்தது. சந்தோஷம்தான். ஆனால் நிலம்? உப்பங்கழி ஓரம். வெயில் அடித்தால் மண்மேல் வெள்ளையாக உப்பு பூக்கும்.

முதல் வருஷம் நெல் நட்டார்கள். கருகியது. யூரியா போட்டார்கள். இன்னும் கருகியது. சும்மா விடவும் பயம் — தரிசாகப் போட்டால் பட்டா ரத்தாகிவிடும் என்று ஊரில் பேச்சு.

கன்னியம்மா கொஞ்சம் மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள், பரிசோதனைக்கு.

"பையில இன்னாம்மா?" என்றாராம் கண்டக்டர்.

"எங்க நெலம்."

மண்ணைப் பார்த்த ஆபீசர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்போடு வடித்து விடு. ஜிப்சம் போடு. தக்கைப்பூண்டு விதை. பூக்கிற சமயத்தில் மிதித்து மண்ணோடு சேர். அப்புறம்தான் நெல்.

போன வருஷம் பாதி நிலத்தில் செய்து பார்த்தாள். பூண்டு தளதளவென்று வந்தது. அதைப் போய் மிதிப்பதா? ஏழுமலைக்குத் தாங்கவில்லை.

"இங்க உருப்படியா மொளைச்சதே இது ஒண்ணுதான், இதையும் அழிக்கிறியேன்னு சண்டை போட்டேன் சார். கோச்சிகினு திருப்போரூர்ல அக்கா வூட்டுக்குப் பூட்டேன்" என்றார் ஏழுமலை, தலை நிமிராமல்.

அவள் தனியாகவே மிதித்தாள். தனியாகவே நட்டாள். தை மாதம் கதிர் முற்றியது. பக்கத்து வயலின் விளைச்சலில் பாதிதான்... ஆனாலும் நெல்! சேதி கேட்டு, அறுப்பன்று ஏழுமலை வந்து நின்றிருக்கிறார்.

"வந்து என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. நெல்லுக் கட்டைத் தூக்கித் தலைமேல வெச்சிகினாரு. அது போதாதா?"

போதும்தான். 'நீ சொன்னதுதான் சரி' என்பதை எத்தனை ஆம்பளைகள் வாய் திறந்து சொல்லியிருக்கிறோம்?

இந்த வருஷம் முழு ஏக்கரிலும் பூண்டு. ஒரு மூலையில் மட்டும் இன்னும் வெள்ளை தெரிகிறது. கன்னியம்மா கவலைப்படவில்லை. "அது ரெண்டு மூணு வருசம் ஆவும் சார். அவசரப்படுத்தினா மண்ணு கேக்குமா?"

மூட்டை மூட்டையாக உரம் கொட்டி, இந்தப் போகத்திலேயே எல்லாவற்றையும் கறந்துவிடப் பார்க்கிற காலம் இது. நமக்குச் சோறு போடுகிற மண்ணுக்கும் பசிக்கும் என்பது யாருக்குத் தோன்றுகிறது?

கிளம்பப் போனேன். அவள் விடவில்லை. "சும்மாதான கீற? செருப்பைக் கழட்டிட்டு எறங்கு சார்!"

இறங்கினேன். அரை மணி நேரம் மிதித்தேன்.

மண்ணுக்குத் தழையுரம் கிடைத்தது. எனக்கு... முழங்காலுக்குத் தைலம்!