முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த விடைகள்

என் மகள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில், அவளுக்குத் திடீரென்று பக்தி வந்தது. எங்கள் வீட்டில் பக்திக்குக் குறைவில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதே கிடையாது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை, யாரும் சொல்லாமல், கால் முகம் கழுவி, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் நிறையாது?

அதுவும் சனிக்கிழமைகளில். அன்றுதான் மாதிரி வினாத்தாள் செய்வாள். நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை, சரியானதற்கு வட்டம் போட வேண்டும். விடைகளின் இலக்கங்களை டீச்சர் தன் கையால் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் தந்துவிடுவார். நாங்கள் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குச் சிவப்புப் பேனா பிடிப்பதில் ஒரு பெருமைதான்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. அவள் கை படாத இடம் எது? யோசித்து, விடைத் தாளை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். சாமியே காவல் நிற்கும்போது யார் தொடுவார்கள்?

பக்தி வளர வளரப் புள்ளியும் வளர்ந்தது. நாற்பதுக்கு இருபத்தொன்று எடுத்தவள் முப்பத்து மூன்று எடுத்தாள். பிறகு முப்பத்தெட்டு. அடுத்த வாரமும் முப்பத்தெட்டு. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என்னை எழுப்பி, "என்ன செய்றீங்கன்னு மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நான் எழுந்து, "பிள்ளைகள சாமி கும்புட வைங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்று சொன்னேன். தாய்மார்கள் தலையாட்டினார்கள். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கண்டுபிடித்தது என் மனைவி.

"என்னாங்க, ஒங்க மக கும்புடுறப்ப பக்கத்துல போய்க் கேட்டிருக்கீங்களா?"

"மந்திரம் சொல்றா. தொந்தரவு பண்ணக்கூடாது."

"என்னா மந்திரம்? ஒன்னு ரெண்டு, ரெண்டு மூனு, மூனு ஒன்னுன்னு ஒரு மந்திரம் இருக்கா?"

படத்தை நகர்த்திப் பார்த்தோம். விடைத் தாளின் மடிப்பில் இரண்டு பக்கமும் திருநீற்று விரல் அடையாளம். சின்ன விரல்.

முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பரீட்சை மண்டபத்தில் முருகன் படம் இருக்காது. இவளுக்கு உண்மையில் என்னதான் தெரியும்? அடித்துக் கேட்டால் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள். தெரிந்தது எவ்வளவு என்பது மட்டும் தெரிய வராது.

அதனால் ஒரு வேலை செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்த தாளை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீச்சரின் எழுத்தைப் போலவே இன்னொரு தாள் எழுதினேன். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு, இரண்டின் இடத்தில் மூன்று, மூன்றின் இடத்தில் ஒன்று. நாற்பதும் பிழை. "முருகா, இது பிள்ளை நன்மைக்கு" என்று சொல்லி, படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

சனிக்கிழமை வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் கேள்வியில் பென்சில் நின்றது. தெமோதரையில் எட்டு நாற்பதுக்குப் புறப்படும் ரயில் இருபத்தைந்து நிமிடம் ஓடினால் மணி எத்தனை என்ற கேள்வி. ஒன்பது ஐந்து என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். என் தாளோ ஒன்பது பதினைந்து என்றது. கூரையைப் பார்த்தாள். விரல் மடித்து எண்ணினாள்.

"அப்பா, டீச்சர் எப்பவாச்சும் பிழையா விடை எழுதுவாங்களா?"

"எந்த விடை?"

"சும்மா கேட்டேன்."

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வழக்கமாக அரை மணி நேரத்தில் வினாத்தாளை முடிக்கும் மகள் அன்று ஒன்றரை மணி நேரம் எடுத்தாள். உண்மையான தாளை வைத்துத் திருத்தினேன். இருபத்தொன்பது சரி. இருபத்தொன்பதும் அவளே செய்தது. ஐந்து கேள்வியில் அவளாகவே பிழை விட்டிருந்தாள். மீதி ஆறில் மட்டும் என் பொய்யை அப்படியே எழுதியிருந்தாள்.

"என்னம்மா, முருகன் இந்த வாரம் கொஞ்சம் தடுமாறிட்டாரோ?"

அவள் தலையைக் குனியவில்லை. "அது டீச்சர் எழுத்து இல்ல. டீச்சர் போடுற ரெண்டுக்கு வால் இருக்காது. அது ஒங்க எழுத்துன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா ஆறு கேள்விக்கு அதப் பார்த்து எழுதுன?"

"டீச்சரோட தாள் நனைஞ்சு கினைஞ்சு போயிருக்கும், நீங்க பார்த்து எழுதி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். ஏழாம் வகுப்புத்தானே, கொஞ்சம் பிழை வரும்ல. அதான் தெரிஞ்சதையெல்லாம் நானே போட்டேன். தெரியாததுக்கு ஒங்கள நம்புனேன். நீங்க பொய் எழுதமாட்டீங்கல்ல."

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அன்று மாலை விளக்கேற்றியபோது மன்னிப்புக் கேட்டவர்கள் இரண்டு பேர். யாருடைய குற்றம் பெரிது என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அதன்பிறகு அவளுக்குத் தெரியாமல் போன அந்த ஆறு கேள்விகளைப் போன்றவற்றை வைத்துக்கொண்டு நானும் மகளும் தினமும் மல்லுக்கட்டினோம். பின்னங்கள்தான் அவளுக்கு ஆகாது. எனக்கும் ஆகாது என்பதை நான் வெளியே சொல்லவில்லை.

பரீட்சை பசறை டவுன் பள்ளிக்கூடத்தில். மண்டப வாசலில் அவள் என் கையை விடுவித்துக்கொண்டு, "வெளிய நின்னு கும்புடுறதுன்னா வாயத் தொறக்காம கும்புடுங்க. விடை சொல்லிக் குடுக்குறீங்கன்னு மண்டபத்துல நிக்கிற சேர் நெனச்சிருவாங்க" என்றாள். அப்படியே வாயைத் திறக்காமல் நின்றேன்.

வெளியே வந்ததும், "பின்னம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வந்துச்சு. ஒன்னு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே."

"அப்ப சரியாப் போட்டிருப்ப."

"இல்லப்பா, நீங்க சொன்ன மாதிரி செஞ்சா கொடுத்திருந்த மூனு விடையிலயும் வரல. நான் திரும்ப வேற மாதிரி செஞ்சு பார்த்தேன், வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இடத்தைப் பிடிக்க எனக்கு முன்னால் ஓடினாள்.